ஊமைக் கிலுகிலுப்பை

அருங்காட்சியகத்தின் சுடுமண் கிலுகிலுப்பையைப் பற்றி எழுதிய கவிதையைக் கவிஞர் திருமேனி அதன் முன்னாலேயே நின்று வாசித்தார். 'இரண்டாயிரம் ஆண்டாய் ஊமையானாய், இனி உன் குரலை எவர் கேட்பார்' என்று தழுதழுத்து அவர் முடித்தபோது கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காவலாளி அஞ்சுகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. வெள்ளிதோறும் அதன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தூரிகையால் தூசி தட்டுபவள் அவள். பொருளைக் கையில் எடுக்க மட்டும் அனுமதி கிடையாது.

"ஊமையா? யாரு சொன்னா? உள்ள மூணு கல்லு கெடக்கு சார். தூறல் போடுற மாதிரி என்னமா பேசும் தெரியுமா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் காப்பாட்சியர் தேவசகாயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியின் மேல் யாராவது விரல் வைத்தாலே சீறுகிற மனிதர். அவர் கிட்டே வந்ததும், அஞ்சுகம் தானாகவே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மூணு இல்லம்மா, நாலு. மெதுவா ஆட்டிப் பாரு. நாலாவது கொஞ்சம் தாமதமாத்தான் வரும்."