தரையில் பதினெட்டுப் பேர்

நான்காவது நாளாக ஒன்பதாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகளில் ஆறே ஆறு பேர். தரையில் இருந்தவர்கள் அந்த ஆறு பேருடைய நோட்டுகளிலும் சேர்த்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“கவிதா, ராசாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடு” என்றாள் தஸ்னீம் டீச்சர்.

கவிதா எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எரிச்சல் வந்தது டீச்சருக்குத்தான்.

பாடம் பிரெஞ்சுப் புரட்சி. திங்கட்கிழமை சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சதீஷ்குமார் ராஜா ஆனான். இரண்டு பேர் பாதிரிமார், மூன்று பேர் பிரபுக்கள், மீதிப் பதினெட்டுப் பேரும் குடிமக்கள். குடிமக்கள் தரையில் உட்கார வேண்டும். மேலே இருப்பவர்களின் வேலையையும் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து தின்னக் கொண்டுவருவதில் பாதியை வரியாகக் கட்ட வேண்டும்.

இது விளையாட்டு என்று அவள் சொல்லவில்லை. இனி வகுப்பு இப்படித்தான் நடக்கும் என்று மட்டும் சொன்னாள். பொறுக்க முடியாமல் பிள்ளைகளே எதிர்த்துக் கேட்க வேண்டும். கேட்டவுடன், பாரிஸிலும் இதுதான் நடந்தது என்று புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதுதான் அவள் போட்டிருந்த திட்டம்.

முன்பு ராசிபுரத்தில் வேலை பார்த்தபோது இதே விளையாட்டு இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்தார். அந்த நம்பிக்கையில்தான், ஜூனில் இந்த மலைப் பள்ளிக்கு வந்தவள் இங்கேயும் ஆரம்பித்தாள்.

புதன்கிழமை சதீஷ்குமாரே வந்து, தானும் கீழே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டான். ராஜாவே பதவி வேண்டாம் என்கிறான், குடிமக்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம். அவனைப் பெஞ்சுக்கே விரட்டிவிட்டு, வரியைப் பாதியிலிருந்து முக்காலாக ஏற்றினாள். யமுனா அன்று நாலு துண்டு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். மூன்றை மேலே கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் பேசாமல் தின்றாள்.

வியாழக்கிழமை இடைவேளையில் தலைமையாசிரியர் அர்த்தனாரியிடம் தஸ்னீம் புலம்பினாள். அவர் சிரித்தார். ஒன்றரை வருடம் சமூக அறிவியலுக்கு ஆளே இல்லாமல் கிடந்த பள்ளிக்கூடம் இது, பிள்ளைகள் புத்தகத்தைப் படித்தாலே போதும் என்றார்.

“மலப் புள்ளைங்க சாதுங்கம்மா. சொன்னதச் செய்யும், திருப்பிக் கேக்காது.”

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பஸ் மலைச்சாலையின் எழுபது வளைவுகளையும் சுற்றி இறங்கி, அவள் வீடு இருக்கும் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் அதுதான் உண்மையோ என்று தோன்றிவிட்டது. தினமும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு மலையேறுவது எதற்காக? கணவன் முபஷிர் ஒரு மாதமாக மேசைமேல் வைத்திருந்த பணிமாறுதல் விண்ணப்பத்தை எடுத்து அன்று மாலையே நிரப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை விளையாட்டு. மறுநாள் முள்ளுக்குறிச்சியில் கபடிப் போட்டி. குடிமக்களில் ஒருவனான பிரேம்தான் பள்ளி அணியில் பாடிப் போகிறவன். வாரம் முழுக்க இந்த ஒரு பாடவேளைக்காகவே காத்திருந்தான்.

குடிமக்களுக்கு இன்று விளையாட்டு கிடையாது, பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் மைதானத்துக்குப் போகலாம், மற்றவர்கள் வகுப்பைக் கூட்ட வேண்டும் என்றாள் டீச்சர். இதற்குமேல் எவனும் பொறுக்க மாட்டான் என்று நினைத்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் நகரவில்லை. பிரேம் அவளையே ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக் குனிந்து கூட்ட ஆரம்பித்தான்.

கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் எறிந்தாள் தஸ்னீம். அது இரண்டாக உடைந்து உருண்டது.

“அஞ்சு நாளா இந்தப் பாடு படுத்தறேன். ஏங்கண்ணு, உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா கோவம் வரல?”

கவிதா எழுந்தாள்.

“வந்துச்சுங்க டீச்சர். மொத நாளே வந்துச்சு.”

மீதியைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பதினெட்டுப் பேரும் தண்ணீர்க் குழாயடியில் கூடினார்களாம். இது நியாயமில்லை, தலைமையாசிரியரிடம் மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்றாம். கவிதா எழுத, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் தெரிந்து சதீஷ்குமாரும் பெஞ்சில் இருந்த மற்ற ஐந்து பேரும்கூட வந்து போட்டார்கள். அப்புறம் அத்தனை பேருமாக உட்கார்ந்து பேசி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்களாம்.

தஸ்னீம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாளாக அவள் காத்திருந்த புரட்சி, திங்கட்கிழமையே அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்திருக்கிறது. அதுவும் ராஜாவையும் சேர்த்துக்கொண்டு.

“எழுதினத ஏன் குடுக்காம விட்டீங்க? எம்மேல பயமா?” அவள் குரல் இறங்கியிருந்தது.

கவிதா இல்லையென்று தலையசைத்தாள்.

“முன்ன இருந்த டீச்சரப் பத்தி ஒருக்கா குடுத்தோமுங்க. அவங்க அப்பறம் மல ஏறி வரவே இல்லீங்க.”