அருள்நாதன் தேர்ந்தெடுத்த அகலம்

சோழவரம் கார்ப் பந்தயத்துக்கு எந்த அளவு டயர் மாட்டுவது என்று ராயபுரம் அருள்நாதன் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை யோசித்தவனில்லை. ரப்பர் முழுக்கத் தரையில் அப்ப வேண்டுமென்று, இருப்பதிலேயே அகலமானதைச் சீமையிலிருந்து வரவழைத்தான்.

துறைமுகத்திலிருந்து எடுத்து வந்தவன் மனைவியின் தம்பி லூர்து.

"வெள்ளைக்காரன் உனக்கு நாமம் போட்டுட்டான் மாமா! நாலும் தேஞ்ச மொட்டை டயரு. கவலப்படாத, லாரி டயருக்குக் கோடு வெட்ற நம்ம தோஸ்துகிட்ட குட்த்து, ஆழமா வெட்டிக்கினு வந்துட்டேன்."

"அடப்பாவி! பந்தய டயரு மொட்டையாத்தான்டா இருக்கும்!"

வேறு வழியில்லாமல் அதையே மாட்டினான்.

பந்தயத்தன்று பருவம் தப்பி மழை கொட்டியது. மொட்டை டயர்க்காரர்கள் ஒவ்வொருவராக வழுக்கிப் புல்லில் இறங்க, அருள்நாதன் ஒருவன்தான் ஒழுங்காக ஓட்டி முடித்தான்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த லூர்துவிடம் சொன்னான்: "பாத்தியா? எல்லாம் நான் செலக்ட் பண்ண அகலம்டா!"