பிளாஸ்டிக் மரத்துக்குத் தண்ணீர்

"அப்பா, இது பிளாஸ்டிக் மரம்! பிளாஸ்டிக்குக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

ஈரத் துணியோடு மண்டியிட்டபடி கத்தினான் மகன். கிறிஸ்துமஸ் மரத்தின் இரும்புக் கால்களைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டி நின்றது. சீரியல் பல்பு ஒயர் அதில் ஊறிக் கிடந்தது. அவனோ எலக்ட்ரீஷியன். 'ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதீங்க' என்று வீடு வீடாகப் பாடம் நடத்துகிறவன் வீட்டிலேயே இந்தக் கூத்து! நல்லவேளை, படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தான்.

"நான்தாண்டா ஊத்தினேன்" என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா. "மறந்துட்டேன்."

"நேத்தும் மறந்தீங்க. முந்தாநாளும் மறந்தீங்க."

"மறதின்னா அப்படித்தான். ஞாபகமா ஒருநாள் விட்டு ஒருநாளா மறக்க முடியும்?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மரக்கன்று நர்சரி நடத்தியவர்கள். ஊசியிலை மரங்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. இலையைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்: தட்டையாக இருந்தால் ஃபர், விரலிடையில் உருண்டால் ஸ்ப்ரூஸ், கொத்துக் கொத்தாக இருந்தால் பைன். ஒவ்வொரு டிசம்பரிலும் வெட்டிய ஃபர் மரம் ஒன்று கூடத்துக்கு வரும். வெட்டிய மரத்துக்குத் தாகம் அதிகம். அடித்தொட்டியில் தண்ணீர் வற்றினால் இலைகளை ஊசி ஊசியாக உதிர்த்துவிடும். அதனால் பொழுது விடிந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வீட்டின் முதல் வேலை. பெருக்கி மாளவில்லை என்று இந்த வருஷம்தான் அவன் பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தான். ஆனாலும் அப்பாவுக்கா பிளாஸ்டிக் எது, மரம் எது என்று தெரியாமல் போகும்?

அம்மா டீயோடு வந்தாள். தரையைப் பார்த்ததும் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"மறுபடியுமா? நல்லா இருக்கு உங்க லட்சணம்! டேய், இவரை டாக்டர்கிட்ட காட்டுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன், கேட்டாத்தானே! நாளைக்கு என்னையே யாருன்னு கேப்பார்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, டாக்டர்கிட்ட வரேன்" என்றார். "ஆனா நீயும் கூட வரணும்."

"நான் எதுக்கு? ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலே எனக்குக் கிறுகிறுன்னு வரும். ஜுரத்துக்கே போகாதவ நான்."

"நீ வரலைன்னா நானும் வரல. டாக்டர் கேக்கறதுக்கு யார் பதில் சொல்றது? நான்தான் மறந்துடுவேனே."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "இந்த நிலைமையில உங்களைத் தனியா விடுவேனா? வரேன், போங்க."

மறுநாள் பொழுது புலரும் நேரம். ஈரத்தில் வழுக்கி அப்பா விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று மகன் முன்னதாகவே எழுந்து, கதவோரம் காத்து நின்றான். அதட்டக் கூடாது, கையைப் பிடித்து மெல்லக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எவ்வளவு கெட்டிக்கார மனுஷன், இப்படி ஆகிவிட்டாரே!

காலடிச் சத்தம் கேட்டது. கையில் செம்போடு வந்தது அம்மா.

குனிந்து பிளாஸ்டிக் கிளையைத் தடவிக்கொடுத்தாள். "குடி கண்ணு, குடி. வெட்டுப்பட்ட உடம்பாச்சே" என்று கொஞ்சியபடி தண்ணீரை ஊற்றினாள். கதவோரம் நின்ற மகனைக் கவனிக்காமலேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சத்தமில்லாமல் அவள் பின்னாலேயே வந்திருந்த அப்பா, மரத்தடியில் அவள் விட்டுப்போன செம்பை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மகனிடம் வந்தார்.

"முன்னாலயே சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்டா" என்றார் ரகசியமாக. "வியாதி எனக்குன்னு நினைச்சாத்தான் அவ ஆஸ்பத்திரிக்கு வருவா."