காணாமல் போன டாஸ்க்பார்

“அப்போ கீழே இருந்த டாஸ்க்பாரை எவன்டா உன்னைத் தூக்கச் சொன்னான்?”

“யாரும் சொல்ல வேண்டாம்க்கா. இது புதுமை. ஓசியில கொடுக்கிறோம், அதுக்கும் குறை சொன்னா எப்படி?”

அக்கா புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். தம்பி தன் நண்பர்களோடு சேர்ந்து எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளில்தான் அவள் கம்ப்யூட்டர் ஓடியது. காலையில் அது புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து, திறந்து வைத்தவற்றை வரிசையாகக் காட்டும் அந்தக் கீழ்ப்பட்டை இல்லாமல், பக்கங்கள் எங்கே ஒளிகின்றன என்று அவளுக்குப் புரியவில்லை. நான்கு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பாவிட்டால் பதிப்பகம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும்.

“ரெண்டு வாரத்துல பழகிடும்க்கா.”

“எனக்கு ரெண்டு மணி நேரம்தான்டா இருக்கு! உங்க தளத்துல தொள்ளாயிரம் பேர் திட்டி எழுதியிருக்காங்களே, படிச்சியா?”

“எதை மாத்தினாலும் அலர்ற கூட்டம் அது. பிடிக்கலைன்னா அவங்களே மாத்தி எழுதிக்கட்டும். புரோகிராம் கோட் எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கு?”

“சாப்பாடு வாயில வைக்க முடியலைன்னா, அடுப்பு அங்க இருக்கு போங்கறே. நகரு, உன் லேப்டாப்ல முடிச்சுக்கிறேன்.”

“அக்கா, அதைத் தொடாதே!”

அவள் அதற்குள் திறந்துவிட்டாள். திரையின் அடியில் டாஸ்க்பார் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதே மென்பொருளின் மூன்று வருடத்துக்கு முந்தைய பதிப்பு.

தம்பி லேப்டாப்பை மூடப் பார்த்தான்.

“அது... நான் வேலை செய்யற மிஷின்க்கா.”

“எனக்கும் வேலை இருக்குடா. இதையே என் கம்ப்யூட்டர்லயும் போட்டுக் கொடு.”