யாருக்குப் புண்ணியம்?

அக்கா தம்பிக்குச் செய்தவை மூன்று.

முதலாவது, அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, கடவுள் பெயரைச் சொல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மணமக்கள் மணியை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாவது, அவன் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, நம்பிக்கை இல்லாத வீட்டுக்கு வந்த தண்டனை என்று தெருவில் நின்று சொன்னாள்.

மூன்றாவது, தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றதற்காக, வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி அவனை வெளியே தள்ளியபோது, தான் போகும் பிரார்த்தனை மன்றத்துக்காரர்கள் யாரும் அவனுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். தெய்வ பயம் இல்லாதவன் எதையும் செய்வான் என்பது அவள் சொன்ன காரணம்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் வாரா வாரம் பிரார்த்தனை நாளன்று தம்பி அக்கா வீட்டுக்குப் போவான். அக்காவின் ஒரே மகளுக்கு வயது முப்பது. மனசு ஏழு வயதில் நின்றுவிட்டது. மன்றத்தில் அவள் சத்தம் போடுகிறாள், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். யாராவது கூட இருக்க வேண்டுமே. தம்பி உள்ளே நுழைவான். அக்கா வெளியே போவாள். வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஆக, அக்கா இத்தனை வருடம் சாமி கும்பிட்டது ஒரு நாத்திகனின் தயவில். மன்றத்தில் யாரும் அதைப் பேசியதில்லை.

இப்போது அக்காவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. முந்தின நாள் மாலை எல்லோரையும் வார்டுக்கு வரச் சொன்னாள். தம்பிக்கும் ஆள் அனுப்பினாள்.

படியேறும்போதே தம்பி பதிலைத் தயார் செய்துகொண்டான். எல்லோர் முன்னாலும் ஒரு தடவை கையைக் கூப்பு என்று கேட்கப்போகிறாள். முடியாது என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் பிழைப்பாளா என்று தெரியாதவளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

வார்டில் மன்றத் தலைவர் இருந்தார். மன்றத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கைப்பையோடு ஒரு வக்கீலும் இருந்தார். மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டிலை நிமிர்த்தும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அம்மாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் அவள் இஷ்டத்துக்கு ஏறி இறங்கினாள்.

ஒன்றும் ஆகாது என்று தலைவர் தைரியம் சொன்னார். அப்படியே ஆனாலும் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பத்துக் குடும்பங்கள், மாதம் ஒரு வீடு என்று ஏற்பாடு செய்தாயிற்று.

"இந்தக் குழந்தைக்குச் செய்றது நேரா மேலே போய்ச் சேருதும்மா. புண்ணியத்துல எல்லாருக்கும் பங்கு வேணும்ல" என்றார்.

முதல் மாதம் யார் வீடு என்று பேச்சு வந்தது. ஒருவர் வீட்டில் மகனுக்குப் பரீட்சை. இன்னொருவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். கடைசி மாதத்துக்கு மட்டும் நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

தலைவர் பேச்சைத் தம்பி பக்கம் திருப்பினார். சீட்டு விளையாடும்போதுகூட இந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்காமல் அழ வைக்கிற ஆள் என்று கேள்விப்பட்டாராம்.

"மாமா அழுகுணி ஆட்டம்" என்றாள் மகள்.

"நீதான் சீட்டை மடியில ஒளிச்சே" என்றான் தம்பி.

"நீதான் எட்டிப் பார்த்தே."

"ஒளிச்சா பார்க்கத்தான் செய்வேன்."

பச்சைக் குழந்தையோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டுகிறானே என்று மன்றத்துக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். பிரார்த்தனை செய்யலாம் என்றார் தலைவர். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

மகள் கைப்பிடியை விடாமல் சுற்றினாள். கட்டிலின் தலைமாடு செங்குத்தாக நிமிர்ந்துகொண்டே போனது. அக்காவுக்கு மூச்சு இரைத்தது. தம்பி சத்தமில்லாமல் போய்க் கைப்பிடியைப் பிடித்து, மெல்ல மெல்ல அவளைக் கீழே இறக்கினான்.

அக்காவும் கண்ணை மூடியிருக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரார்த்தனை முடிந்ததும், இத்தனை வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசினாள்.

"நாளைக்கு நான் எந்திரிக்கலேன்னா என்னடா பண்ணுவே?"

"அழுவேன்."

"அப்புறம்?"

"இவளுக்குச் சாப்பாடு பண்ணுவேன்."

"எதுக்குடா? உனக்குத்தான் மேலேயும் ஒண்ணும் கிடையாது, கீழேயும் ஒண்ணும் கிடையாதே."

தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை.

"அவளுக்குப் பசிக்குமேக்கா."

தலைவர் லேசாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வக்கீலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வக்கீல் போன வாரமே தட்டச்சு செய்து வைத்திருந்த பத்திரத்தை வெளியே எடுத்தார். சாட்சிக்கு நர்ஸும் பக்கத்துக் கட்டில் நோயாளியின் கணவரும் வந்து நின்றார்கள். ஏற்புரை சொல்வதற்காகத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தன் காலத்துக்குப் பிறகு தன் வீட்டுக்கும் மகளுக்கும் முழுப் பொறுப்பாளராக அக்கா நியமிப்பவர் என்று தொடங்கி, வக்கீல் ஒரு பெயரைத் தாழ்ந்த குரலில் படித்தார்.

தாள் மாறிவிட்டதோ என்று கேட்டார் தலைவர். வக்கீல் இல்லை என்றார்.

அக்கா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வக்கீல் சார், பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை படிங்க."

வக்கீல் எழுந்து நின்று, அந்த வார்டு முழுவதும் கேட்கும்படி, தம்பியின் பெயரைப் படித்தார்.