பெருவிரல் ரேகை

பால்புரதத்தில் செய்த, தின்னக்கூடிய உறையில் மடித்த புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்று சுடலைமுத்து வீட்டு பிரிட்ஜில் பத்து நாளாக இருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் சாவதற்கு முந்தின நாள் கட்டியது. உறை பச்சையாக இருக்கும்வரை சோறு நல்லது. மஞ்சளானால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். சிவந்தால் எல்லாம் கரைந்து மண்ணுக்குத்தான்.

"யப்பா, மஞ்சள் ஏறிட்டு. இதுக்கு மேல வச்சா அம்மைக்கே பொறுக்காது," என்றாள் மகள் இசக்கி.

அவர் சாப்பிட்டார். எல்லோரையும்போல உறையையும் சேர்த்தே மென்றார். ஒரு மூலையை மட்டும் கிள்ளி வைத்துக்கொண்டார். மடிப்பு ஒட்டுவதற்காகப் பேச்சியம்மாள் அழுத்திய பெருவிரல் ரேகை அதில் இருந்தது. சோறு படாத உறை கெடாது என்பது இந்த உறைகளை அடுக்கும் கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் அவருக்குத் தெரியும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று மூட்டைகள் கனமே இல்லாமல் தோளில் மிதப்பதுபோல இருந்தது.

வியர்வையை அவர் நினைக்கவே இல்லை. மத்தியானம் பைக்குள் விரலை விட்டால் ஒன்றுமில்லை. உறை துணிவழியே கரைந்து, நெஞ்சில் மெல்லிய பாலாடைபோலப் படிந்திருந்தது. கோடுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

வேலை விட்டதும் சுமைக்காரர்கள் குழாயடியில் குளித்தார்கள்.

"என்னவே, தண்ணி கடிக்குதா?" என்று ஒதுங்கி நின்றவரைக் கேலி பண்ணினார் ஒருவர்.

"வீட்டுல குளிச்சுக்கிடுதேன்."

வீட்டில் இசக்கி வெந்நீர் வைத்திருந்தாள்.

"நாளைக்குப் பாப்போம், தாயி," என்று கையை மட்டும் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.