உறுதியான ஒரு ஓட்டு

"இந்தத் தடவையும் டெபாசிட் போயிரும். பேசாம நிக்காமலே இருந்துரலாம் சித்தண்ணே," என்றார் கட்சிக்குப் புதிதாக வந்த சேலத்துச் செயலாளர்.

"மாரமங்கலத்துல ஒரு ஓட்டு உறுதிங்க. எம் பொண்டாட்டி மலரு வேற சின்னத்துல போடவே மாட்டா. நாம நிக்கலேன்னா, வந்து நம்ம சின்னத்தைத் தேடி ஏமாந்துருவாளுங்க," என்றான் சித்தன்.

செயலாளர் சிரித்துவிட்டார். ஆனாலும் கட்சி நின்றது. மாரமங்கலம் பூத்தில் ஏஜெண்டாக சித்தனே உட்கார்ந்தான்.

ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்தது. மற்ற கட்சி ஏஜெண்டுகள் டீ குடிக்க எழுந்து போன நேரத்தில் மலர் வந்தாள். சேலையெல்லாம் செம்மண்.

மை வைக்க அவள் விரலைப் பிடித்த அதிகாரி சட்டென்று விட்டுவிட்டார். "என்னம்மா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? அட, நகத்துல ஏற்கெனவே மை இருக்கே! ஓட்டுப் போட்டாச்சா?"

சித்தன்தான் சொன்னான். "அது போன எலக்‌ஷன்ல வெச்ச மைங்க."

"அஞ்சு வருஷமாவா? நகம் வளர்ந்து எப்பவோ போயிருக்குமே!"

"வளர்ந்திருந்தாப் போயிருக்குமுங்க," என்றான் சித்தன், மலரையே பார்த்தபடி. "ஓட்டுப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்த அன்னிக்கே அவ செத்துட்டாளுங்களே."